ஸ்பைஸில் கிரிஸ்டல் ஏன் துடிக்க மறுக்கிறது?

டெல்டாவில் போர்செட்டு மோட்டாரைக் குறித்த நேரத்தில் ஓடவிடும் டைமர் போர்டைத் திறந்தால், மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்தில் பளபளவென்று ஒரு சின்ன உலோக டப்பி இருக்கும். அதுதான் குவார்ட்ஸ் கிரிஸ்டல், மைக்ரோகன்ட்ரோலருக்குத் தாளம் போடும் கல். 16 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரு காலிலும் 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் அது பாட்டுக்குத் துடிக்கும். அதே சர்க்யூட்டைத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி லேபில் எல்டிஸ்பைஸில் (சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் வகை மென்பொருள்) வரைந்து ஓடவிட்டால், பல நேரம் வருவது வெறும் நேர்க்கோடு.

கிரிஸ்டலுக்கான மாதிரி எளிதுதான். இண்டக்டர், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மூன்றும் தொடராக. அவற்றுக்கு இணையாக இன்னொரு கெப்பாசிட்டர். மதிப்புகள்தான் விபரீதம். தொடர் கெப்பாசிட்டர் சுமார் 10 ஃபெம்டோஃபாரட், அதாவது வெளியே போட்ட 22 பிகோவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இண்டக்டர் 9.9 மில்லிஹென்றி, ரெசிஸ்டர் 30 ஓம். கடிகாரங்களில் வரும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இண்டக்டர் 8,000 ஹென்றியைத் தொடும். அப்படி ஒரு காயிலை யாரும் சுற்ற முடியாது. கல்லின் நிறைதான் இப்படி வேடம் போடுகிறது.

திருவாரூர் ஆழித்தேர் முதல் இழுப்பில் நகராது, நகர்ந்துவிட்டால் முட்டுக்கட்டை இல்லாமல் நிற்காது. கிரிஸ்டலும் அப்படித்தான். கைவிட்டால் அலைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையவே பத்தாயிரம் சுற்று ஆகும். வளரவும் அதே தாமதம். நிஜ போர்டில் வெப்ப இரைச்சல் முதல் தள்ளலைத் தருகிறது. ஸ்பைஸின் டிரான்சியன்ட் கணக்கில், அதாவது நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்திப் போடும் கணக்கில், இரைச்சலே கிடையாது. அதனால் இண்டக்டருக்கு ஆரம்ப மின்னோட்டம் கொடுங்கள், அல்லது சப்ளையைச் சுழியத்திலிருந்து ஏற்றுங்கள். அப்புறம் சில மில்லிசெகண்டாவது ஓடவிடுங்கள்.

ஒரு படியிலிருந்து அடுத்த படியைக் கணக்கிடும் முறையும் முக்கியம். கியர் முறை, கணக்குக்குள்ளேயே முட்டுக்கட்டை போட்டு அலைவை அடக்கிவிடும். டிரெப்பிசாய்டல் அப்படிச் செய்யாது. ஆனால் 1 நானோசெகண்ட் படியில் அது அதிர்வெண்ணை 0.08 சதவீதம், அதாவது 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், குறைத்துக் காட்டும். கடையில் வாங்கும் சாதாரணக் கிரிஸ்டலின் பிழையே 500 ஹெர்ட்ஸ் வாக்கில்தான்! சர்க்யூட்டைக் குறை சொல்லாதீர்கள். படியை 0.1 நானோவாக்கினால் பிழை நூறில் ஒரு பங்காகும். காத்திருப்பு பத்து மடங்காகும்.

என்னைக் கேட்டால், அதிர்வெண்ணை டிரான்சியன்ட்டில் தேடுவதே வீண். ஏசி அனாலிசிஸில், அதாவது அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் சர்க்யூட்டின் பதிலைக் காட்டும் கணக்கில், பாருங்கள். ஒத்ததிர்வின் அகலம் 500 ஹெர்ட்ஸ்கூட இல்லை, ஆகவே 16 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிப் பொடிப்பொடியாகத் துழாவ வேண்டும். துடிக்குமா என்பதற்கும் அதே வழிதான்: கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் இன்வெர்ட்டர் (கிரிஸ்டலைத் துடிக்க வைக்கும், மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் பெருக்கி) தரும் எதிர்மறை ரெசிஸ்டன்ஸை, அதாவது கிரிஸ்டலின் இழப்பை ஈடுகட்டும் திறனை, அளந்தால் போதும். கிரிஸ்டலின் 30 ஓமைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும்.

டெல்டாவுக்காக ஒரு சோதனை கூடுதலாக. ஐப்பசி மழையில் மோட்டார் கொட்டகையில் போர்டு ஈரம் குடிக்கும், கால்களுக்கிடையே கசிவு வரும். 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் உள் ரெசிஸ்டன்ஸே பல்லாயிரம் ஓம் என்பதால் அதற்கு இது பெரிய தொல்லை. அதன் இரு காலுக்கும் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரைந்து, எதிர்மறை ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு மிஞ்சுகிறது என்று மறுபடி ஓட்டிப் பாருங்கள்.