உள்ளே போனால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை

மறுபடியும் ஒரு வெடித்த குழல் பழுதுமேசைக்கு வந்திருக்கிறது. 12 போர் (குழலின் அளவு) செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவில் மடக்கித் தோட்டா போடும் ரவைத் துப்பாக்கி. இடது கை தாங்கிப் பிடிக்கும் இடத்தில் இரும்பு பிளந்து விரிந்து கிடக்கிறது. பிடித்திருந்தவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. "பழைய துப்பாக்கி, இரும்பு உளுத்திருக்கும்" என்கிறார்கள். இரும்பில் ஒரு குறையும் இல்லை. 12 போர் குழலுக்குள் 20 போர் தோட்டா போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்களில் பாதிப் பேராவது சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "உள்ளே போச்சுன்னா சரிதானே?" சரியில்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டா உட்காரும் அறை அதைவிடச் சற்று அகலம், 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 20 போர் தோட்டாவின் பித்தளை விளிம்பு ஏறக்குறைய 19.5 மில்லிமீட்டர். அதனால் அது அறையில் நிற்காமல் வழுக்கி முன்னே போய், அறை குறுகிக் குழலாகும் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். காட்டுப்பன்றிக்காக இருட்டில் காத்திருப்பவர் விசையை இழுக்கிறார், வெடிக்கவில்லை. மடக்கித் திறந்து விரலால் தடவுகிறார், அறை காலி. 'போட மறந்துவிட்டோம்' என்று சரியான 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார். முன்னால் அடைத்து நிற்பதும் உயிருள்ள தோட்டா. குழல் கிழியாமல் என்ன செய்யும்?

தோட்டாத் தயாரிப்பாளர்கள் 20 போரைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த ஒரே காரணத்துக்காக. ஆனாலும் நிறத்தை நம்பாதீர்கள். பித்தளை அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள், பிறகு குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஒரு சட்டைப்பையில் ஒரே அளவுத் தோட்டாதான் இருக்க வேண்டும். நண்பர் கொடுத்த நாலு தோட்டாவை அதே பையில் கலந்து போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

எண்களும் குழப்பும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 போர். 20 ஆக்கினால் உருண்டை சிறுக்கும், 15.6 மில்லிமீட்டர். ஆகவே எண் ஏற ஏற குழல் ஒடுங்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது அங்குலக் கணக்கு, 0.410.

போர் சரியாக இருந்தாலும் நீளம் பார்க்க வேண்டும். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்பவர்களும் தவறுவது இங்கேதான். பெட்டியில் 70 அல்லது 76 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத 76 தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால், அது 70 அறைக்குள் சிரமமில்லாமல் போய் உட்காரும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லை. கழுத்து அடைபட்டு அழுத்தம் எகிறும். குழலின் அடியில் 12/70 என்றோ 2¾ அங்குலம் என்றோ இருந்தால் அதற்கு மேல் போடக்கூடாது. தாத்தா காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கிகள் சில 65 மில்லிமீட்டர் அறை கொண்டவை, அவற்றுக்கு 70-கூட ஆகாது. எழுத்து தேய்ந்திருந்தால் அளக்கக் கொண்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈய உருண்டைகள். இங்கும் எண் கூடினால் ரவை சிறுக்கும். 6 எண் ரவை சுமார் 2.6 மில்லிமீட்டர், ஒரு தோட்டாவில் முந்நூறு வரை இருக்கும், பறவைக்கானது. பிபி எனும் ரவை 4 மில்லிமீட்டர். பன்றிக்குப் போடும் எஸ்ஜி எனும் பெரிய ரவை 8.4 மில்லிமீட்டர், வழக்கமாக ஒன்பதே ஒன்பது. ஒற்றைக் குண்டு சுமார் 28 கிராம் ஈயக்கட்டி. 'சிதறும் துப்பாக்கிதானே, தூரம் போகாது' என்பது தவறான கணக்கு. பன்றியை 30, 35 மீட்டருக்குள் சுட்டால்தான் உருப்படியாக விழும், உண்மை. ஆனால் குறி தவறிய எஸ்ஜி ரவை 600 மீட்டருக்கு மேலும் போகும். ஒற்றைக் குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். 6 எண் ரவையே ஏறத்தாழ 200 மீட்டர் போகும். செம்பனை வரிசைகள் நேராக ஓடுகிறவை. வரிசையின் மறுமுனையில் லயம் (தொழிலாளர் குடியிருப்பு) இருக்கலாம், விடியுமுன் குலை வெட்ட இறங்கியவர் இருக்கலாம். மேட்டிலிருந்து கீழ்நோக்கி, பின்னால் மண் இருக்கும்படி மட்டும் சுடுங்கள். தண்ணீர் தேங்கிய பள்ளத்தை நோக்கிச் சுடாதீர்கள், ரவை தெறித்துத் திசை மாறும். துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனி.

'டப்' என்று மந்தமாகச் சத்தம் கேட்டு, தோள் உதைக்காவிட்டால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். அடைப்பு குழலுக்குள் நின்றிருக்கும். காலியாக்கி, குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் வாயை ஆளில்லாத பக்கம் வைத்தபடி குறைந்தது 30 விநாடி நில்லுங்கள், ஒரு நிமிடம் நின்றாலும் நஷ்டமில்லை. தாமதமாக வெடிப்பது உண்டு.

வெடிக்காத அந்தத் தோட்டாதான் வீட்டில் பிள்ளைகள் கைக்குப் போகிறது. நடுவில் குழி விழுந்திருக்கிறது, ஆகவே சுட்டாகிவிட்டது என்று நினைத்து விளையாடக் கொடுக்கிறார்கள். குழியைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். வாய் மடிப்பு விரியாமல் மூடியிருந்தால் அதற்குள் வெடிமருந்தும் ரவையும் அப்படியே இருக்கின்றன.

நம் ஈரத்தில் பித்தளை பச்சை பிடிக்கும், காகிதக் கூடு ஊதும். ஊதியதைத் தட்டி நுழைக்காதீர்கள். பளபளப்பாக்க எண்ணெய் பூசாதீர்கள், அது தீப்பற்றும் குமிழுக்குள் கசிந்து நனைத்துவிடும். வெயிலில் காயவைப்பது, காரில் விட்டுவைப்பது எதுவும் வேண்டாம். துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம், இரண்டுக்கும் பூட்டு.

மறுநடவுக்கு மண் தோண்டும்போது கிடைக்கும் சங்கதி வேறு. 1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டபின் தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதற்கு முன்பு ஜப்பானியர் காலம். 303 ரைபிள் தோட்டாவும் மார்ட்டர் குண்டும் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. துருவைச் சுரண்டிப் பார்க்காதீர்கள், வாளியில் போட்டு ஆபீசுக்குத் தூக்கி வராதீர்கள், பழைய இரும்புக்கடைக்கு விற்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, தூரத்தில் கயிறு கட்டி, 999-க்கு அழையுங்கள். போலீசின் வெடிகுண்டு அழிப்புப் பிரிவு வரும்.

கடைசியாக, அப்பா காலமான வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அவருடைய உரிமம் அவர் பெயருக்கு மட்டுமே. அலமாரியில் அவர் விட்டுப்போன தோட்டாக்களை நினைவுக்காக வைத்திருந்தாலும் 1960-ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டப்படி அது குற்றம். ஏழாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நீங்களே தூக்கிக்கொண்டு பேருந்தில் போக வேண்டாம். முதலில் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், எப்படி ஒப்படைப்பது என்று அவர்களே சொல்வார்கள். கருமாதி முடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள், அம்மாவிடம் சாவியைக் கேட்டு இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள்.