வைஃபை முழுதாக இருக்கிறது, நெட் வரவில்லை

ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெரியம்மா அழைத்தார். சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு இரண்டு நாளாக முகம் பார்த்துப் பேச முடியவில்லையாம். "வைஃபை முழுதாகக் காட்டுகிறது ஐயா, நெட்தான் வரவில்லை" என்றார்.

பாளையங்கோட்டை வட்டாரத்தில் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கேபிள் இழுத்து நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வாரத்துக்கு நான்கு முறையாவது இந்த வாக்கியத்தைக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. வைஃபை வேறு, இணையம் வேறு என்பதைச் சொல்பவரே கண்டுகொண்டுவிட்டார். பாதி விளக்கம் அதிலேயே முடிந்துவிடுகிறது.

வைஃபை வீட்டுக்குள் நடக்கும் சங்கதி. கைபேசியும் பெட்டியும் ரேடியோ அலையில் பேசிக்கொள்வதுதான் அது. திரையில் தெரியும் வளைகோடுகள், பெட்டியின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்கின்றன. தெருவில் கேபிள் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுதாகவே நிற்கும். பெரியம்மாவின் வீடு தெருவாசலில் தொடங்கிக் கொல்லை வரை நீளும் பழைய வீடு. பெட்டி முன்கட்டில், அடுக்களை கடைசிக் கட்டில், நடுவே ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, நீளம் சுமார் 12.5 செ.மீ., இந்தச் சுவர்களை ஓரளவு தாண்டிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கூடுதல் வேகத்தில் தரவைச் சுமக்கும், ஆனால் இரண்டாவது சுவரிலேயே சோர்ந்துவிடும். அடுக்களையில் மட்டும் நெட் மந்தம் என்றால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். அன்று பெட்டியின் அருகிலேயே உட்கார்ந்து பார்த்தும் வரவில்லை.

அந்தப் பெட்டியைச் சிலர் மோடம் என்கிறார்கள், சிலர் ரௌட்டர் என்கிறார்கள். எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நான்கு கருவிகளின் வேலையை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடக்கியிருப்பதால் வந்த குழப்பம் இது. வைஃபை ரேடியோ அதில் ஒன்று. மற்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், 40 கணினிகள் உள்ள ஒரு பள்ளி ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு கேபிள் புறப்பட்டுச் சுவரோரத்தில் உள்ள, பல துளைகள் கொண்ட ஸ்விட்ச் என்ற பெட்டியில் வந்து சேரும். கேபிளுக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். முறுக்குவது அழகுக்காக இல்லை. பக்கத்தில் மின்விசிறி ஓடினால் அதன் இரைச்சல் ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. ஜிகாபிட் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு 1,000 மெகாபிட்டுக்கு, எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று சரியாகக் கடிபடாமல் போனால், பல நேரம் இணைப்பு அறுந்துபோகாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நாற்பதில் ஒரு கணினி மட்டும் மந்தமாக இருந்தால் நான் முதலில் கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே 45 கிளிப்பைத்தான் பார்ப்பேன்.

ஸ்விட்ச் வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் அலுக்காத ஒன்று. கணினியின் நெட்வொர்க் அட்டை ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு மேக் முகவரி கொடுக்கப்படுகிறது. 48 பிட் நீளமுள்ள எண் அது. மொத்தம் சுமார் 281 லட்சம் கோடி எண்கள் சாத்தியம். மின்சாரம் கொடுத்த கணத்தில் ஸ்விட்ச்சுக்கு யாரையும் தெரியாது. ஏழாவது துளையில் செருகிய கணினி ஏதாவது அனுப்பினால், "இந்த எண்காரர் ஏழாவது துளையில் இருக்கிறார்" என்று குறித்துக்கொள்ளும். பெறவேண்டியவர் எங்கே என்று தெரியாததால் மற்ற எல்லாத் துளைகளிலும் அதை விடும். உரியவர் பதில் அனுப்புவார். அவரது துளையும் பதிவாகிவிடும். பிறகு அவர்கள் இருவரின் பேச்சு மூன்றாமவர் காதில் விழாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், வருகிறவர்களைப் பார்த்தே சில நொடிகளில் ஊரைத் தெரிந்துகொள்கிறது.

1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட் என்ற இந்தக் கேபிள்வழி நெட்வொர்க் முறையை உருவாக்கியபோது இந்த வசதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே கேபிள். பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். வைஃபை இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. கல்யாண வீட்டில் ஐம்பது கைபேசிகள் ஒரு பெட்டியைச் சூழ்ந்தால் எல்லாமே தடுமாறுவது அதனால்தான்.

ஆய்வகத்துக்குள் மேக் முகவரி போதும். வெளியூருக்குப் போதாது. அது ஆளைச் சொல்கிறது, ஊரைச் சொல்லவில்லை. இங்கேதான் ரௌட்டர் வருகிறது. 1972-இல் நாட்டுக்கு வந்த அஞ்சல் பின்கோடை நினைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையின் எண் 627002. டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு முருகன்குறிச்சி எங்கே என்று தெரியவேண்டியதில்லை. 6 என்று கண்டால் தெற்கே அனுப்புவார். தமிழ்நாட்டில் பிரிப்பவர் 627 என்று கண்டால் திருநெல்வேலிப் பையில் போடுவார். தெருவும் வீடும் உள்ளூர்த் தபால்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இணையத்தில் கருவிகளுக்குக் கொடுக்கும் ஐ.பி. முகவரி என்ற எண்ணும் இதே ஏற்பாடுதான். ரௌட்டர் முன்பகுதியைப் பார்க்கும். தன் அட்டவணையில் அதற்கு எந்த வழி என்று தேடும். அடுத்த ரௌட்டரிடம் தள்ளிவிடும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை முழு வழியையும் தெரிந்துவைத்திருக்கும் கருவி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது அடுத்த படி மட்டும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை இந்தப் பக்கத்தவர் யாரும் மறக்கமாட்டோம். ஊர் ஊராகத் தொலைபேசிகள் ஊமையாயின. கைபேசிக் கோபுரத்தில் இருப்பதும் ரேடியோதான். அதற்கு மின்சாரம் வேண்டும், அதன் பேச்சை வெளியே கொண்டுபோகும் இணைப்பும் வேண்டும். மாற்று வழி ஒன்று உயிரோடு இருந்தால் ரௌட்டர்கள் தாமாகவே அட்டவணையைத் திருத்திக்கொண்டு அதில் திரும்பிவிடும். ஊருக்குள் வரும் வழி ஒன்றே ஒன்றாக இருந்து அதுவும் அடித்துப்போனால், உலகின் மிகச் சிறந்த ரௌட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. கிராமங்களுக்கு இரண்டாவது இணைப்பு வேண்டும் என்று நான் பார்க்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அனுப்பும் பொருள் ஒரே மூச்சில் போவதில்லை. 3 மெகாபைட் புகைப்படம் ஒன்று சுமார் 1,500 பைட் அளவுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகிப் போகிறது. இத்துண்டுகளுக்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தவர் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ். ஒவ்வொன்றிலும் பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி, வரிசை எண். வழியில் தொலைந்ததை மறுமுனை கேட்டு வாங்கி, வரிசைப்படுத்திச் சேர்க்கிறது. 1974-இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த டி.சி.பி. முறை இது. வீடியோ அழைப்பில் மட்டும் பெரும்பாலும் இப்படிக் கேட்டு வாங்குவதில்லை. அரை நொடிக்கு முந்தைய முகம் இப்போது வந்து என்ன பயன்? விட்டதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். பேரனின் முகம் சில நேரம் கட்டம் கட்டமாகச் சிதறுவது அதன் விளைவு.

ஐ.பி. முகவரியின் பழைய வடிவத்தில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் உண்டு. உலகின் கைபேசிகளுக்கே அது போதாது. ஆகவே வீட்டுக்குள் எல்லோருக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் ஒரே முகவரி. கடித உறையில் மே/பா என்று எழுதுவோமே, அதுபோல எல்லாக் கடிதமும் வீட்டுத் தலைவர் பெயரில் வருகிறது. எந்தக் கேள்வியை யார் கேட்டார் என்று பெட்டி குறித்துவைத்திருந்து, பதிலை உரியவரிடம் சேர்க்கிறது.

வேகம் என்ற சொல்லில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. வாய்க்காலை அகலப்படுத்தினால் கூடுதல் தண்ணீர் வரும். ஆனால் பாபநாசத்தில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரப் பிடிக்கும் நேரம், தூரத்தைப் பொறுத்தது. 100 மெகாபிட், 300 மெகாபிட் என்று நாம் விலைக்கு வாங்குவது அகலத்தை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. இங்கிருந்து சென்னைக்குச் சுமார் 620 கி.மீ.; அங்கிருந்து சிங்கப்பூருக்கு, 2002-இல் போடப்பட்ட கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. அந்த வழியில் போய்த் திரும்ப, ஒளிக்கே குறைந்தது 38 மில்லிநொடி ஆகும். எவ்வளவு பணம் கட்டினாலும் அதைக் குறைக்க முடியாது.

அந்தக் கண்ணாடி இழைதான் பெரியம்மா வீட்டுக்குள்ளும் வருகிறது. அதில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுவதுதான் பெட்டிக்குள் இருக்கும் நான்காவது கருவி; சிலர் மோடம் என்பது அதைத்தான். முழு இழையின் விட்டம் 125 மைக்ரான். ஒளி ஓடும் நடுத்தண்டு 9 மைக்ரான் மட்டுமே. சுற்றியுள்ள கண்ணாடியைவிட நடுத்தண்டின் ஒளிவிலகல் எண் சற்றே கூடுதல். அதனால் ஒளி எல்லையில் சாய்வாகப் பட்டதும் வெளியேறாமல் முழுதாக உள்ளுக்கே திரும்புகிறது. தெருமுனைப் பெட்டியில் இந்த ஒளியை 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. 1490 நானோமீட்டர் ஒளி வீட்டுக்குள் வர, 1310 நானோமீட்டர் ஒளி அதே இழையில் எதிர்த்திசையில் போகிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகளை விடக் கூடாது.

இவ்வளவும் மனத்தில் ஓட, "பெட்டியில் சிவப்பாக ஏதாவது எரிகிறதா?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன். எல்.ஓ.எஸ். என்ற எழுத்துகளுக்கு மேல் சிவப்பு மின்னுவதாகச் சொன்னார். வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அடையாளம் அது. பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

மறுநாள் அம்பாசமுத்திரம் பஸ் ஏறிப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுவரோரம் தொங்கிய மெல்லிய கறுப்புக் கேபிளை ஒதுக்குவதற்காக நிலைக்கு மேலிருந்த ஆணியில் இறுக்கிச் சுற்றிவிட்டிருந்தார்கள். இழை அளவுக்கு மீறி வளையும்போது, எல்லையில் சாய்ந்து பட்டுத் திரும்பவேண்டிய ஒளி நேராகப் பட்டுச் சுவர் தாண்டிக் கசிந்துவிடுகிறது. ஆணியிலிருந்து அவிழ்த்தேன். கண்ணாடி உடைந்திருக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையமாகச் சுற்றி மாட்டினேன். சிவப்பு அணைந்து, பச்சை சில நொடி மின்னி நிலைத்தது. பெரியம்மா அதற்குள் முந்தானையால் கைபேசித் திரையைத் துடைத்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.