கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் யாருக்கு முதல் வழி? அமெரிக்க விதி சொல்வது என்ன?

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பது சுமார் 500-இல்தான். மற்ற இடங்களில் "நீங்கள் இறங்குங்கள், நீங்கள் கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல ஆள் கிடையாது. ஓடுபாதையும் காற்றின் திசை காட்டும் துணிப்பையும் இருக்கும். யார் முதலில் இறங்குவது என்பதை வானில் இருக்கும் விமானிகளே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான சட்டம் அந்நாட்டுக் கூட்டாட்சி விதித்தொகுப்பில் 14ஆம் தலைப்பு, பகுதி 91. அதில் 91.113 என்ற பிரிவுதான் உயிர்நாடி. வானிலை இடம் கொடுக்கும்போது, மற்ற விமானங்களைக் கண்ணால் பார்த்து விலகுவது ஒவ்வொரு விமானியின் கடமை என்கிறது அது. கருவிகளை நம்பிப் பறப்பவருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். பாதைகள் குறுக்கிட்டால், எந்த விமானம் மற்றதற்கு வலப்புறம் இருக்கிறதோ அதற்கு வழிவிட வேண்டும். முந்துபவர் வலப்பக்கமாக, நன்றாக விலகி முந்த வேண்டும். இறங்க இரண்டு விமானங்கள் வந்தால், தாழ்வாக இருப்பதற்கு முன்னுரிமை. இதைச் சாக்காக வைத்து, சட்டென்று கீழே இறங்கி அடுத்தவர் முன்னால் புகுந்துவிடக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம் ஊர்ச் சாலையில் நடப்பதை நினைத்தாலே, அந்த வரியை ஏன் எழுதினார்கள் என்பது விளங்கும்.

இறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றி வரும் வழியை சர்க்யூட் என்பார்கள். நாம் கோயிலை வலமாகச் சுற்றுவோம், இங்கே நேரெதிர். வேறு அடையாளம் காட்டப்படாவிட்டால் எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கம்தான். விமானி பெரும்பாலும் இட இருக்கையில் அமர்வதால் ஓடுபாதை அவர் பக்கத்திலேயே தெரியும்.

இதுவரை சொன்னது சட்டம். இனி வருவது அறிவுரை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் கவலை. தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் சுற்றுவது, 45 பாகைக் கோணத்தில் சர்க்யூட்டுக்குள் நுழைவது, 10 மைல் தொலைவிலேயே ரேடியோவில் தன் இருப்பிடத்தை அறிவிப்பது, இவை விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட வழிகாட்டுச் சுற்றறிக்கையில் உள்ளவை. நல்ல விமானிகள் தவறாமல் செய்வார்கள். ஆனால் செய்யாதவர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவதில்லை. இத்தகைய நிலையங்களில் பெரும்பாலானவற்றில் ரேடியோவே கட்டாயம் இல்லை. மின்சாரமே இல்லாத பழைய பைப்பர் கப் விமானங்கள் அங்கே இன்றும் இறங்குகின்றன. ஆகவே ரேடியோ அமைதியாக இருக்கிறது என்பதற்காக வானம் காலியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

ரேடியோவில் பேசினால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் நிலையத்தில் செஸ்னா 152 என்ற சிறிய விமானம் ஒன்று சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று சுற்றாமல் நேராக ஓடுபாதையை நோக்கி வந்தது. இருவருமே ரேடியோவில் அறிவித்தார்கள். பெரிய விமானம் மிக வேகமாக நெருங்குவதைக் கண்ட சிறிய விமானத்தின் விமானி, இறங்காமல் மேலெழப் போவதாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் மோதல். இரண்டு விமானங்களிலும் இருந்த மூவரும் இறந்தார்கள். பெரிய விமானத்தின் வேகம் சுமார் 180 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 333 கிலோமீட்டர். நேராக இறங்க வந்த அதன் விமானி மற்றதைப் பார்த்து விலகத் தவறியதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

நேராக இறங்க வருவது தடை செய்யப்பட்டதல்ல. சுற்றிக்கொண்டிருப்பவர்களைக் குலைக்காமல் வர வேண்டும் என்று அறிவுரைதான் உண்டு. 10,000 அடிக்குக் கீழே பொதுவான வேக வரம்பு 250 நாட். அந்த 180 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இறங்க வரும் செஸ்னா 152 பறப்பது 60 நாட்டை ஒட்டிய வேகத்தில்.

மற்றொரு விமானம் கண்ணில் பட்டு, ஆபத்து புரிந்து, முடிவெடுத்து, கைப்பிடியைத் திருப்பி, விமானம் அசைய 12.5 நொடி ஆகும் என்பது எஃப்.ஏ.ஏ. தரும் கணக்கு. 180 நாட் வேகத்தில் அதற்குள் 1.1 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். இதில் இன்னொரு கொடுமை: மோதும் பாதையில் வரும் விமானம் ஜன்னல் கண்ணாடியில் நகரவே நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நேரத்தில் திடீரெனப் பெரிதாகும். அசைவதைத்தான் நம் கண் எளிதில் பிடிக்கும். அதனால்தான் வானத்தைப் பத்துப் பத்துப் பாகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது பார்வையை நிறுத்தப் பழக்குகிறார்கள். இறக்கை தலைக்கு மேலே உள்ள விமானத்தில் மேலே இருப்பது மறையும். கீழே உள்ளதில் கீழே இருப்பது மறையும்.

தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. கருவி 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்பகுதிகளிலும், பொதுவாக 10,000 அடிக்கு மேலும் கட்டாயம். கோபுரமில்லாத சிறிய நிலையங்கள் பலவற்றுக்கு இது பொருந்தாது. மற்றவர்களின் ஒலிபரப்பைப் பெற்றுத் திரையில் காட்டும் வசதி எங்குமே கட்டாயமில்லை. சொந்தச் செலவில் அதை வாங்குகிறவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

மோதல் நூலிழையில் தப்பினால், விமானிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 1976 முதல் நாசா நடத்தும் பாதுகாப்புத் தகவல் திட்டத்துக்கு நடந்ததை எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டுத்தான் தகவலைப் பயன்படுத்துவார்கள். 10 நாட்களுக்குள் அனுப்பியிருந்து, மீறல் வேண்டுமென்றே செய்ததாக இல்லாமல், விபத்தோ குற்றமோ ஆகாமல், முந்தைய 5 ஆண்டுகளில் வேறு மீறல் உறுதியாகாமலும் இருந்தால், எஃப்.ஏ.ஏ. விதிமீறல் என்று பதிவு செய்தாலும் அபராதமோ உரிம நிறுத்தமோ விதிப்பதில்லை. அனுப்பியதற்கான சான்றாக, படிவத்தின் ஒரு துண்டு நேரமுத்திரையுடன் திரும்பி வரும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.