வாலறுந்த ஏற்பியும் ஏழு பதக்கங்களும்

மகளுக்கு எந்த விளையாட்டு ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள எச்சில் மாதிரி கொடுத்து மரபணுச் சோதனை செய்யலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பேன். மரபணுவுக்கும் விளையாட்டுக்கும் தொடர்பு இல்லை என்பதல்ல காரணம். அந்தத் தொடர்பு பளிச்சென்று தெரிந்த ஒருவரின் கதையைப் பார்த்தாலே காரணம் புரியும்.

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்ட்டூரன்ட்டா 1960 முதல் 1968 வரை ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். அவற்றில் மூன்று தங்கம். ஆண்களுக்கு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 17 கிராமைத் தாண்டுவதே அதிகம். அவருக்கு 20-க்கும் மேல். ஊக்கமருந்து என்று ஊர் சந்தேகப்பட்டது. 1993-இல்தான் விடை வெளியானது. அவர் குடும்பத்தில் பலருக்கும் ரத்தம் அப்படித்தான்.

ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் சுரக்கிறது என்று படித்திருப்போம். எலும்பு மஜ்ஜையில் உள்ள இளம் செல்களின் மேல் அதற்கான ஏற்பிப் புரதம் இருக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டியதும், செல்லுக்குள் நீண்டிருக்கும் ஏற்பியின் வாலில் பாஸ்பேட்கள் ஏறுகின்றன. ‘பெருகு’ என்ற கட்டளை உள்ளே போகிறது. இனிமேல்தான் அழகே! அதே வாலின் கடைசிப் பகுதியில் ஒரு நொதி வந்து உட்காரும். அதன் வேலை, பாஸ்பேட்களைக் கழற்றிக் கட்டளையை நிறுத்துவது. தொடக்கமும் முடிவும் ஒரே புரதத்தில்!

மான்ட்டூரன்ட்டாவுக்கு இந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் டி.என்.ஏ. எழுத்து ஒன்று மாறியிருந்தது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் புரத உற்பத்தி பாதியில் நின்று, வாலின் கடைசி 70 அமினோ அமிலங்கள் இல்லாமல் போயின. நிறுத்தும் நொதிக்கு உட்கார இடமில்லை. கொஞ்சம் ஹார்மோன் வந்தாலே செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன. ரத்தம் ஏராளமாக ஆக்சிஜன் சுமந்தது.

சரி, அதே மாற்றம் இருந்த உறவினர்கள் எல்லோரும் சாம்பியன் ஆனார்களா? இல்லை. பெரும்பாலோர் நலமாக வாழ்ந்தார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு வலுவான மாற்றமே மிக அரிது. கடைகளில் விற்கும் சோதனைகள் தேடுவது ஏசிடிஎன்3 போன்ற மரபணுக்களை. அதன் ஒரு வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் வேகத் தசைகளுக்கான ஒரு புரதம் உருவாகாது. உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் அப்படித்தான். அதை வைத்து ஒரு குழந்தையிடம் ‘உனக்கு ஓட்டம் வராது’ என்று சொல்வதை ஜாதகம் பார்ப்பதோடுதான் சேர்ப்பேன். ஸ்பெயின் நாட்டின் ஒலிம்பிக் தர நீளம் தாண்டும் வீரர் ஒருவருக்கே அந்தப் புரதம் இல்லை என்று 2007-இல் ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது.