பச்சை உடம்பு வலியும் இறங்கிப்போன ஹார்மோனும்

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கமிருந்து பிரசவம் முடிந்து சில வாரங்களில் "கை காலெல்லாம் வலிக்குது" என்று வருகிற பெண்கள், காரணத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். பச்சை உடம்பு, வாயுப் பிடிப்பு, சிசேரியன் என்றால் முதுகில் போட்ட ஊசி. பல நேரம் தூக்கமில்லாத அலுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியவில்லை, மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, பிள்ளையைத் தூக்கவே மாமியார் வர வேண்டியிருக்கிறது என்றால் ஊசியைத் திட்டிப் பயனில்லை, உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். மாசமா இருந்தப்போ எப்படி இருந்தது என்று கேட்டால், "அப்ப இருந்த வலியும் போயிருச்சு டாக்டரம்மா" என்பார்கள். எனக்கு அந்தப் பதில் முக்கியம்.

வயிற்றுப் பிள்ளையின் மரபில் பாதி தகப்பனுடையது, தாயின் எதிர்ப்பு அணுக்களுக்கு அது அந்நியம். அதைத் தாக்கிவிடாமல் இருக்கச் செய்யப்படும் ஏற்பாட்டில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. முதல் இரண்டு மாதம் போல சூலகம் அதைச் சுரக்கும், அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ள, அளவு கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். அழற்சியைக் கிளப்பும் டி செல்கள் (எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) இதனால் சற்று அடங்குகின்றன, மற்றவற்றைக் கட்டுப்படுத்தி வைக்கும் டி செல்கள் பெருகுகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனோ, கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடி உண்டாகும் பக்கத்தைத் தூண்டிவிடும். அதனால்தான் முடக்குவாதம் பலருக்குத் தணிகிறது, ஆன்டிபாடி சொந்த உடம்பையே தாக்குவதால் வரும் லூபஸ் நோய் சிலருக்குக் கிளம்புகிறது. கர்ப்பத்தில் மூட்டுவலி குறைவதை 1938-லேயே எழுதியவர் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர். அந்தத் தேடல் அவரை அழற்சியைத் தணிக்கும் கார்டிசோன் மருந்து வரை கொண்டுபோய், 1950-ல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இந்த ஹார்மோன்கள் சில நாட்களில் மளமளவென்று இறங்கிவிடும். அடங்கியிருந்த நோய் அடுத்த சில மாதங்களுக்குள் திரும்ப எழும்பும். தைராய்டு அழற்சியும் இந்தக் காலத்தில்தான் தலைகாட்டும், படபடப்போ சோர்வோ நீடித்தால் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

மாசமானதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிற வழக்கம் நம் பக்கம் அதிகம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் கூடவே கூடாது, கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே அதை மாற்ற வேண்டும். ஆனால் லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை நீங்களாக நிறுத்தினால்தான் ஆபத்து.

இன்னொன்று, மாசமானால் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போய்விடும் என்பது சரியல்ல. தடுப்பூசிக்கு நன்றாகவே ஆன்டிபாடி உண்டாகும், கடைசி மூன்று மாதத்தில் அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். குறிப்பிட்ட சில கிருமிகளிடம்தான் உடம்பு தோற்கிறது. ஃப்ளூ நுரையீரலை மோசமாகத் தாக்கும். தண்ணீரால் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் ஈ, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடுவது, அது தொற்றிய கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவர் உயிரைக்கூட எடுத்திருக்கிறது. ஊற்றிலும் லாரியிலும் தண்ணீர் பிடிக்கிற ஊர் நம்முடையது, கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குளிர் காய்ச்சல் என்றால் மலேரியாவுக்கும் ரத்தம் கொடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மலேரியா மாத்திரையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், பிரிமாகுயின் கர்ப்பிணிக்குத் தரக்கூடாத மருந்து.