சைட்டேஷன் – சான்று: சொல் விளக்கம்

பாரிமுனை உயர் நீதிமன்றப் பக்கம் கறுப்புக் கோட்டுக்காரர்கள் பேச்சில் ‘சைட்டேஷன்’ அடிக்கடி அடிபடும். முன்பு வந்த ஒரு தீர்ப்பை ஆண்டு, தொகுதி, பக்க எண்ணோடு எடுத்துக் காட்டுவது அவர்களுக்குச் சைட்டேஷன். விக்கிப்பீடியாவில் கூலியில்லாமல் எழுதுகிறவர்கள் மல்லுக்கட்டுவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘சிட்டாரே’ என்றால் அழைப்பது, வரவழைப்பது. ஆளை நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் ஆணைக்கும் இதே பெயர்தான். ஆளுக்குப் பதில் நூலை வரவழைக்கும் பொருள் பின்னால் வந்தது.

தமிழில் இதற்கு நாலைந்து சொற்கள் புழங்குகின்றன. ‘ஆதாரம்’ வடசொல், தாங்கி நிற்பது என்று பொருள். குழாயடிச் சண்டையில்கூட “ஆதாரம் இருக்கா?” என்று கேட்கலாம், தவறில்லை. ‘மூலம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நோயும் நட்சத்திரமும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ‘மேற்கோள்’ பிறர் சொன்னதை அப்படியே எடுத்தாள்வதற்குப் பொருத்தமான சொல். ஆனால் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்த நடையில் எழுதிவிட்டு, கீழே நூலின் பெயரைக் கொடுப்பதையும் மேற்கோள் என்றால் குழப்பம்தான்.

‘சான்று’தான் சரி என்பேன். ‘சால்’ என்ற வேரிலிருந்து வந்தது. நிறைதல், தகுதியாதல், போதுமாதல் என்று பொருள். சால்பு, சான்றோர் எல்லாம் அதே குடும்பம். ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது 25ஆம் குறள். அங்கே ‘கரி’ என்பது சாட்சி, ‘சாலும்’ என்பது போதும். தாலுகா ஆபீசில் வாங்கும் வருமானச் சான்றும் இதே கணக்குதான். உங்கள் வருமானம் எவ்வளவு என்று நீங்களே சொன்னால் போதாது. தகுதியுள்ள இன்னொருவர் எழுதித் தர வேண்டும்.

இங்கேதான் ‘சாட்சி’ விலகிப் போகிறது. சாட்சி என்றால் கண்ணால் கண்டவர், அந்தச் சொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது. கலைக்களஞ்சியம் கண்ணால் கண்டதைக் கேட்பதில்லை, வேறு யாரோ அச்சிட்டதைக் கேட்கிறது. “பொறந்து வளர்ந்த ஊரு, எனக்குத் தெரியாதா?” என்று கோபித்துக்கொள்கிறவருக்கும், அவர் எழுதிய வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று குறி போட்டுவிட்டுப் போகிறவருக்கும் நடக்கும் சண்டை முக்கால்வாசி இதுதான்.

தண்டையார்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தொண்டியார் என்று அழைத்தார்கள், அதனால் தொண்டியார்பேட்டை என்று பெயர் வந்தது என்பார்கள். பல இடங்களில் அச்சாகியும் இருக்கிறது. ஆனால் 1693இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஊர்களில் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் ஒன்று. மஸ்தான் சாகிபு பிறந்ததோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அவர் பிறப்பதற்கு முன்பே அவர் பெயரில் ஊர் எப்படி இருந்திருக்கும்?

சரி, பெயர்க்கதை தவறு என்று எழுதிவிடலாமா? முடியாது. இரண்டு நூல்களில் இருப்பதைச் சேர்த்து, இரண்டுமே சொல்லாத ஒரு முடிவை நீங்களே எடுத்தால் அது ‘சொந்த ஆய்வு’, விக்கிப்பீடியாவில் அதற்கு இடமில்லை. அந்த முடிவை எழுதிய ஆய்வாளர் ஒருவரைக் காட்ட வேண்டும். அதுவரை ‘என்றும் சொல்லப்படுகிறது’ என்ற வாலோடு கதை அங்கேயே கிடக்கும். ஒருவர் நீக்குவார், இன்னொருவர் மீட்பார். இதற்குத் தொகுத்தல் போர் என்று பெயர். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மீட்டால் ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை விழலாம்.

ராயபுரம் ரயில் நிலையத்துக் கதை இவ்வளவு சிக்கலில்லை. ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று யாராவது பெருமையாக எழுதினால், பம்பாய்–தாணே ரயில் 1853இலேயே ஓடிவிட்டது, ராயபுரம் 1856 என்று காட்டித் ‘தென்னிந்தியாவின்’ என்று திருத்திவிடலாம். ஆனால் ஒன்று. இந்த மாதிரித் தவறை ஒரு பத்திரிகை விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்துப் போட்டு, அப்புறம் அந்தப் பத்திரிகையையே கட்டுரைக்குச் சான்றாகக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். அதைச் ‘சுற்றுச்சான்று’ என்று அழைக்கலாம் என்பது என் யோசனை.

எழுதுவதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற விதிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘மெய்யறிதன்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான சொல், ஆனால் விதி கேட்பது மெய்யை அல்ல, சரிபார்க்க முடிகிறதா என்பதை. ‘சரிபார்க்கத்தக்க தன்மை’ நீளம்தான், ஆனால் ஏமாற்றாது.

அச்சில் ஏறாத அறிவுக்கு என்ன வழி? காசிமேட்டு மீனவர்களிடம் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் நூல் காட்ட முடியாது. 2011இல் விக்கிப்பீடியாவுக்காக மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பேடி ஆகிய மொழிகளில் ஆட்களைப் பேசவைத்து, அந்த ஒலிப்பதிவையே சான்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சொந்த ஆய்வு என்ற எதிர்ப்பும் உடனே கிளம்பியது. அதை ‘வாய்மொழிச் சான்று’ என்று சொல்லலாம், ‘சாட்சி’ என்று வேண்டாம்.