உடனொளிர்வு: சொல்லும் பொருளும்

ஃபுளோரசன்ஸ் என்ற சொல்லுக்குள் ஒளியே இல்லை. லத்தீனில் ‘ஃபுளுவேரே’ என்றால் பாய்தல். தாதுவை உருக்கும்போது அது இளகி ஓட ஒரு கனிமத்தைச் சேர்ப்பார்கள். அதனால் அதற்கு ஃபுளோர்ஸ்பார் என்று பெயர் வந்தது. புற ஊதாக் கதிர் பட்டால் அதன் சில வகைகள் நீலமாக ஒளிரும். கொயினாக் கரைசலிலும் இதே போன்ற நீலத்தை ஆராய்ந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஓபல் கல்லிலிருந்து ஓபலசன்ஸ் பிறந்ததுபோல, 1852-இல் அந்தக் கனிமத்தின் பெயரையே நிகழ்வுக்குச் சூட்டினார்.

தமிழில் இது உடனொளிர்வு. ஒளி படும்போதே ஒளிர்ந்து, ஒளி நின்றதும் நின்றுவிடுவது. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைச் சிறிது ஸ்பிரிட்டில் கலக்கி, இருட்டறையில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். டார்ச்சை அணைத்த கணமே இருட்டு. அணைத்த பிறகும் மின்னும் நட்சத்திர ஸ்டிக்கரில் இருப்பது நின்றொளிர்வு. மின்மினியுடையது வேதிவினையால் வரும் உயிரொளிர்வு. சில நூல்கள் உடனொளிர்வை வெறுமனே ‘ஒளிர்தல்’ என்கின்றன. மூன்றுக்கும் பொதுவான பெயரை ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் வேறுபாடு மறைந்துபோகும். உடனொளிர்வு என்றே எழுத வேண்டும்.

அந்த ‘உடன்’ சில நானோ நொடிதான். அதற்குள் வாங்கிய ஆற்றலில் கொஞ்சம் வெப்பமாகக் கழிவதால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் கூடிவிடுகிறது. இதுவே ஸ்டோக்ஸ் பெயர்ச்சி. உடனொளிர்வு நுண்ணோக்கி இந்த இடைவெளியை நம்பித்தான் இயங்குகிறது. ஜெல்லிமீனிலிருந்து 1962-இல் பிரிக்கப்பட்ட பச்சை உடனொளிர் புரதத்தின் மேம்பட்ட வடிவம் 488 நானோமீட்டர் நீலத்தை வாங்கி 507 அளவில் பச்சையைத் தரும். நடுவில் சாய்ந்திருக்கும் இருநிற ஆடி நீலத்தை இந்தப் புரதம் உள்ள செல்லின்மேல் திருப்பி, பச்சையை மட்டும் கேமராவுக்கு விடும்.

நுண்ணோக்கியின் கீழ் பாலூட்டிச் செல் உயிரோடு இருக்க 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். வாயு குறைந்தால் செல் வளரும் பைகார்பனேட் ஊடகம் காரமாகும். அதிலுள்ள ‘ஃபீனால் சிவப்பு’ என்ற சாயம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தச் சாயமே படத்தின் பின்னணியை வெளிறச் செய்யும். ஆகவே படமெடுக்கச் சாயமில்லாத ஊடகம் நல்லது. கிண்ணத்தின் அடி 0.17 மில்லிமீட்டர் கண்ணாடியாக இருக்கட்டும். நுண்ணோக்கியைச் சூழ்ந்த வெப்ப அறையைச் சில மணி நேரம் முன்பே சூடாக்கி வைக்காவிட்டால் குவியம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஒளியேதான். ஒளிர ஒளிர மூலக்கூறு சிதைந்து மங்கும்: இது ஒளிவெளுப்பு. ஒளியை வாங்கிக் கிளர்ந்த அந்த மூலக்கூறு ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லையும் கெடுக்கும்: இது ஒளிநச்சுமை. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியா, நூலாக நீண்டிருந்தது, துண்டுதுண்டாக உருண்டால், செல் சவ்வில் கொப்புளம் எழுந்தால், விளக்கைக் குறைத்தாக வேண்டும். உயிருள்ள செல்லை நிகழ்நேரத்தில் பார்க்கிறோம் என்பதற்காக ஓயாமல் படமெடுக்கத் தேவையில்லை. செல்லுக்குள் கால்சியம் அளவு ஏறி அலையாகப் பரவுவதைக் காண நொடிக்குப் பல படம் வேண்டும். செல் பிரிவதைக் காணச் சில நிமிடத்துக்கு ஒன்று போதும். படங்களுக்கிடையே ஷட்டர் மூடியிருக்க வேண்டும். அதே கிண்ணத்தில் ஒளி படாத ஒரு மூலையையும் கடைசியில் பாருங்கள். அங்கே செல்கள் பிரிந்து, ஒளி பட்ட இடத்தில் மட்டும் பிரியாமல் நின்றிருந்தால், விளக்கின் அளவைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும்.